மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கி: அமெரிக்கர்கள் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், நியூயார்க் மாநிலத்தில் நூறாண்டுக்கும் மேலாக இருந்துவந்த ஒரு துப்பாக்கி விதியைச் செல்லாது என்றது. அதன் பிறகு அங்கிருந்து வரும் செய்திகளில் 'மறைத்து எடுத்துச் செல்லும் உரிமை', 'பெர்மிட் தேவையில்லாத மாநிலம்', 'மைக்ரோ பிஸ்டல்' என்ற சொற்கள் அடிக்கடி தலைகாட்டுகின்றன. நம் ஊரில் பலரும் கைத்துப்பாக்கியைப் போலீஸ் அதிகாரியின் இடுப்பில் பார்த்ததோடு சரி. சட்டைக்குள் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு ஒருவர் காய்கறி வாங்கப் போகிறார் என்றால், அது எப்படிப்பட்ட துப்பாக்கி, அதை எதைப் பார்த்து வாங்கினார், எந்தச் சட்டம் அவரை அனுமதிக்கிறது என்பதெல்லாம் நமக்குப் பிடிபடுவதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். முதன்முறை துப்பாக்கி வாங்க வருபவரிடம், குறிப்பாகப் பெண்களிடம், "சின்னதா, லேசா இருக்கிறதா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஆலோசனை சொல்வது அங்கே வழக்கம். பெரும்பாலும் அது தவறான ஆலோசனை. சின்னத் துப்பாக்கியைச் சுமப்பது எளிது. ஆனால் அதை வைத்துச் சரியாகச் சுடுவதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

முதலில் சட்டம்

துப்பாக்கி உரிமை அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தத்தில், 1791 முதல் இருக்கிறது. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிநபர் உரிமை என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுக்கு வெளியேயும் அந்த உரிமை உண்டு என்றது, தொடக்கத்தில் சொன்ன 2022-இன் ப்ரூயன் வழக்குத் தீர்ப்பு. அதற்கு முன்பு மாநிலங்கள் மூன்று வகையாக இருந்தன.

1. பெர்மிட்டே கேட்காத மாநிலங்கள். வெர்மான்ட் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. அலாஸ்கா 2003-இலும், அரிசோனா 2010-இலும், டெக்சஸ் 2021-இலும் இந்த வழிக்கு வந்தன. ப்ரூயனுக்குப் பிறகும் வரிசை நீண்டது: 2023-இல் ஃபுளோரிடா, 2024 ஜூலையில் லூசியானா. லூசியானாவோடு எண்ணிக்கை 29 ஆனது.

2. தகுதி இருந்தால் பெர்மிட் கொடுத்தே ஆக வேண்டிய மாநிலங்கள். குற்றப் பின்னணி இல்லை, வயது சரி, பயிற்சி முடித்தாயிற்று என்றால் அதிகாரி மறுக்க முடியாது. 1987-இல் ஃபுளோரிடா கொண்டுவந்த சட்டம் இதற்கு முன்மாதிரி ஆனது.

3. அதிகாரி மனம் வைத்தால் மட்டும் கொடுக்கும் மாநிலங்கள். நியூயார்க், கலிபோர்னியா, நியூஜெர்சி, மேரிலாண்ட், மாசசூசெட்ஸ், ஹவாய் ஆகியவை. 'எனக்கு மற்றவர்களைவிடத் தனிப்பட்ட ஆபத்து இருக்கிறது' என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. ப்ரூயன் தீர்ப்பு ஒழித்தது இந்த நிபந்தனையைத்தான்.

மூன்றாம் வகை மாநிலங்கள் இப்போது இரண்டாம் வகைக்கு நகர்ந்துவிட்டன. ஆனால் பயிற்சியையும் தடைசெய்யப்பட்ட இடங்களையும் கூட்டிவிட்டன. நியூயார்க்கில் 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியும் கட்டாயம்.

'பெர்மிட் தேவையில்லை' என்றால் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று பொருள் இல்லை. கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு மத்திய சட்டப்படி தடை உண்டு. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளானவர்களிடமிருந்து துப்பாக்கியை விலக்கிவைக்கலாம் என்று 2024-இல் ரஹிமி வழக்கில் 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. லைசென்ஸ் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், பின்னணிச் சோதனையும் உண்டு.

இதில் நம் விஷயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது ஒன்று. பெர்மிட் போனால் அதோடு ஒட்டிய கட்டாயப் பயிற்சியும் போய்விடுகிறது. ஒரு தோட்டாகூடச் சுட்டுப் பார்க்காமல், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தே ஒருவர் தேர்ந்தெடுத்து, அன்றைக்கே இடுப்பில் செருகிக்கொள்ளலாம்.

அளவு என்றால் என்ன?

ஆஸ்திரிய ராணுவம் 1982-இல் ஏற்றுக்கொண்ட க்ளாக் 17 ஒரு முழு அளவுப் பிஸ்டல். அதைக் கொஞ்சம் குறுக்கி 1988-இல் வந்த க்ளாக் 19-ஐத்தான் 'காம்பாக்ட்' என்ற சொல்லுக்கு அளவுகோலாக இன்றும் காட்டுகிறார்கள். குழல் 102 மி.மீ., மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) 15 தோட்டா, காலியாக இருக்கும்போது எடை சுமார் 600 கிராம். அதற்கும் கீழே 'சப்காம்பாக்ட்', 'மைக்ரோ காம்பாக்ட்', கடைசியாகப் பாக்கெட் பிஸ்டல். இந்தப் பெயர்களுக்குச் சட்டபூர்வ வரையறை கிடையாது. கம்பெனிகள் வைத்துக்கொண்ட பெயர்கள்தான்.

சின்னத் துப்பாக்கிகளின் வரலாற்றில் ஒரு சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1994-இல் அமெரிக்க நாடாளுமன்றம் புதிய மேகசின்களில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது என்றது. பத்துதான் உச்சவரம்பு என்றால் 17 தோட்டாவுக்கான உடம்பு எதற்கு? அடுத்த ஆண்டே, 1995-இல், 10 தோட்டா கொள்ளும் க்ளாக் 26 சந்தைக்கு வந்தது. 2004 செப்டம்பரில் அந்தச் சட்டம் காலாவதியானது. சின்னப் பிஸ்டல்கள் மட்டும் நிலைத்துவிட்டன.

அடுத்த போட்டி தடிமனைக் குறைப்பதில். மேகசினுக்குள் தோட்டாக்களை இரண்டு வரிசையாக அடுக்கினால் பிடி தடிக்கும். ஒரே வரிசை என்றால் மெல்லியதாகும், தோட்டா குறையும். 2012-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்ட், 2015-இல் 6 தோட்டா கொள்ளும் க்ளாக் 43 எல்லாம் ஒற்றை வரிசைதான். 2018-இல் சிக் சாவர் கம்பெனியின் பி365 இந்தக் கணக்கையே மாற்றியது. ஏறக்குறைய அதே மெல்லிய உடம்பு, 79 மி.மீ. குழல், சுமார் 500 கிராம், ஆனால் 10 தோட்டா. மேகசினை மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் வடிவமைத்து ஒன்றரை வரிசை போல அடுக்கியதுதான் சூட்சுமம். அடுத்த ஆண்டே ஸ்பிரிங்ஃபீல்ட் ஹெல்கேட் 11 தோட்டாவோடு வந்தது. இன்று கடைகளில் 'மைக்ரோ' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவது இந்த வகையைத்தான்.

மறைப்பதைப் பொறுத்தவரை பலரும் தவறாக நினைக்கும் விஷயம் ஒன்று உண்டு. குழல் நீளமாக இருந்தால் வெளியே தெரியும் என்று நினைக்கிறார்கள். குழல் பேன்ட்டுக்குள் இறங்கிவிடும், கால் நீளத்துக்கு இடம் இருக்கிறது. காட்டிக்கொடுப்பது பிடி. குனியும்போது சட்டையைத் தள்ளிக்கொண்டு நிற்பது அதுதான். அதனால் குட்டைக் குழல், நீளப் பிடி என்ற துப்பாக்கியைவிட, சற்றே நீளமான குழலும் குட்டைப் பிடியும் கொண்டது இடுப்பில் நன்றாக மறையும். குளிர் மாநிலத்தில் கோட்டுக்குள் க்ளாக் 19 தாராளமாக அடங்கும். ஃபுளோரிடா வெயிலில் ஒற்றை டி-ஷர்ட்டோடு திரிபவருக்கு அதே துப்பாக்கி தினமும் ஒரு பிரச்சினை.

சின்னது ஏன் கடினம்?

1. உதை. தோட்டா முன்னே போகும் உந்தமும் துப்பாக்கி பின்னே வரும் உந்தமும் சமம். பள்ளிப் பாடத்தில் வரும் நியூட்டனின் மூன்றாம் விதிதான் இது. 7.5 கிராம் எடையுள்ள 9 மி.மீ. தோட்டா நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் போனால் அதன் உந்தம் சுமார் 2.6. தோட்டாக்களோடு 850 கிராம் இருக்கும் க்ளாக் 19 அதனால் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். இப்போது 2008-இல் வந்த ரூகர் எல்சிபி என்ற பாக்கெட் பிஸ்டலை எடுத்துக்கொள்வோம். காலியாக 270 கிராம், தோட்டாவோடு சுமார் 350. அது சுடுவது பலம் குறைந்த .380 தோட்டா: 6 கிராம், சுமார் 270 மீட்டர் வேகம், உந்தம் 1.6. பின்னே வரும் வேகம் நொடிக்கு சுமார் 4.6 மீட்டர். வெடிமருந்து வாயுவின் பங்கைச் சேர்க்காத எளிய கணக்குதான் இது, ஆனாலும் விஷயம் தெளிவு. தோட்டா சின்னது, உதையின் வேகம் ஒன்றரை மடங்கு. 'லேசான துப்பாக்கி, மென்மையான உதை' என்பது தலைகீழான நம்பிக்கை.

2. பிடி. குட்டைப் பிடியில் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது. இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அந்த உதையைத் தாங்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால், ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னே போய்வந்து அடுத்த தோட்டாவை ஏற்றும் மேல்பகுதியான ஸ்லைடு முழுதாகப் பின்னே போகாமல் அடுத்த தோட்டா சிக்கிக்கொள்ளும். லேசான பிஸ்டல்களில் இது அதிகம்.

3. குறி. துப்பாக்கியின் மேல் குறிபார்ப்பதற்காக இருக்கும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே உள்ள தூரம் 15 செ.மீ. என்றால், 1 மி.மீ. பிசகு 7 மீட்டர் தொலைவில் சுமார் 4.7 செ.மீ. விலகலாகும். தூரம் 10 செ.மீ. ஆனால் அதே பிசகு 7 செ.மீ. ஆகிவிடும். கை நடுங்கும் நேரத்தில் பிசகு 1 மி.மீ.-ஓடு நிற்காது. குறி தப்பிய தோட்டா பின்னால் நிற்கும் யாரோ ஒருவரை நோக்கிப் போகிறது என்பதை நினைத்தால், இதை வெறும் கணக்கு என்று தள்ள முடியாது.

4. ஸ்லைடை இழுப்பது. ஸ்லைடு லேசாகவும் குட்டையாகவும் இருந்தால் அதை அடக்க ஸ்பிரிங் கடினமாக இருக்க வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களும் வயதானவர்களும் சின்னப் பிஸ்டலின் ஸ்லைடை இழுக்க முடியாமல் திணறுவது இதனால்தான். இதைப் புரிந்துகொண்டு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018-இல் ஷீல்ட் ஈஸி என்ற மாடலை .380 தோட்டாவில், ஆனால் கொஞ்சம் பெரிய உடம்போடு வெளியிட்டது. வலுக் குறைந்த கைக்குச் சற்றுப் பெரிய துப்பாக்கியே பொருந்தும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

5. பயிற்சி. வலிக்கிற துப்பாக்கியை யாரும் விரும்பி எடுத்துப் பழகுவதில்லை. முதல் பெட்டித் தோட்டாவைச் சுட்டு முடித்ததோடு பல பாக்கெட் பிஸ்டல்கள் மேஜை இழுப்பறைக்குப் போய்விடும்.

அதனால் அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் சொல்லும் வழி எளிமையானது. சுடுதளத்தில் மூன்று நான்கு அளவுகளை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பாருங்கள். உங்கள் உடைக்குள் மறையும் துப்பாக்கிகளில், உங்கள் கை கட்டுப்படுத்தக்கூடிய மிகப் பெரியதை எடுங்கள்.

ரிவால்வர், பிறகு தோட்டா

சுழலும் உருளையில் ஐந்து தோட்டா கொள்ளும் குட்டை ரிவால்வர் இன்னும் வழக்கொழியவில்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950-இல் கொண்டுவந்த சீஃப்ஸ் ஸ்பெஷலின் வாரிசுகள் இப்போதும் விற்கின்றன. இழுக்க ஸ்லைடு இல்லை, மேகசின் கெடும் தொல்லை இல்லை. ஆனால் விசை (சுடுவதற்கு விரலால் இழுக்கும் பகுதி) கடினம். பிஸ்டலில் இரண்டரை கிலோ இழுவிசை போதும் என்றால் இதில் சுமார் ஐந்து கிலோ தேவை. தெரியாமல் விரல் பட்டு வெடிப்பதை அந்தக் கடினமே ஓரளவு தடுக்கிறது. குறியைக் கெடுப்பதும் அதே கடினம்தான்.

தோட்டாவைப் பொறுத்தவரை விவாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த மோதலில் இரண்டு எஃப்பிஐ அதிகாரிகள் இறந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள். அவர்களின் தோட்டா ஒன்று எதிராளியின் உடலில் போதிய ஆழம் போகாமல் நின்றுவிட்டது. அதன் பிறகு எஃப்பிஐ, உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்ற சோதனையை வகுத்தது. பெரிய .40 தோட்டா வந்தது, பல ஆண்டுகள் கோலோச்சியது. நவீன 9 மி.மீ. தோட்டாக்கள் மேம்பட்டதும் எஃப்பிஐயே 9 மி.மீ.-க்குத் திரும்பிவிட்டது. மைக்ரோ பிஸ்டல்களில் பெரும்பாலானவை 9 மி.மீ. ஆக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

உறைதான் பாதிப் பாதுகாப்பு

துப்பாக்கிக்கு 500 டாலர் கொடுத்துவிட்டு உறைக்கு 15 டாலர் செலவு செய்பவர்கள் நிறைய. இது ஆபத்தான சிக்கனம். மறைத்து வைத்திருக்கும் பிஸ்டலில் பெரும்பாலும் குழலறைக்குள் தோட்டா ஏறியே இருக்கும். பல மாடல்களில் வெளியே கையால் போடும் பூட்டும் கிடையாது. விசையில் எதுவும் படாமல் இருப்பது ஒன்றுதான் காவல். அந்தக் காவலைத் தருவது உறை.

1. விசைப் பகுதி முழுவதையும் கெட்டியான பொருளால் மூட வேண்டும். கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தகடு இன்று பரவலாக இருப்பது இதற்காக.
2. துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். மடங்கிப்போன பழைய தோல் விசைக்குள் நுழைந்து வெடித்த விபத்துகள் உண்டு. ஜாக்கெட்டின் இழுகயிறும் அப்படியே.
3. ஓடினாலும் குனிந்தாலும் துப்பாக்கி நழுவக் கூடாது.
4. உறைக்குள் திரும்ப வைப்பதை நிதானமாக, பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். அதற்கு அவசரம் ஒருபோதும் இல்லை.

துப்பாக்கி கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கலாம் என்ற புகார்களுக்குப் பிறகு 2017 ஆகஸ்டில் சிக் சாவர் தன் பி320 பிஸ்டலுக்கு இலவச மாற்றம் செய்துதர முன்வந்தது. புதிதாக வந்த மாடலை முதல் ஆண்டிலேயே வாங்காமல் கொஞ்சம் பொறுத்திருப்பது நல்லது என்று பலரும் சொல்வதற்கு இதுபோன்ற அனுபவங்கள் காரணம்.

கைப்பையில் வைப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரில், ஒரு கடையில் தாயின் கைப்பைக்குள் கைவிட்ட இரண்டு வயதுக் குழந்தை துப்பாக்கியின் விசையை இழுத்துவிட்டது. தாய் அங்கேயே இறந்தார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பை அது. உடம்பில் இருக்கும் துப்பாக்கி நம்மோடு நகரும். பை அப்படியில்லை. கீழே வைப்போம், நாற்காலியில் மாட்டுவோம், மறப்போம்.

மறதி எவ்வளவு சாதாரணம் என்பதற்கு விமான நிலையங்களே சாட்சி. 2023-இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் பயணிகளின் கைப்பைகளிலும் உடம்பிலும் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் சுமார் 93 சதவீதம் தோட்டா நிரப்பியவை. பையில் இருந்ததே நினைவில்லை என்பதுதான் அதிகாரிகள் அடிக்கடி கேட்கும் விளக்கம். லேசான துப்பாக்கியின் இன்னொரு பக்கம் இது.

மாநில எல்லையைத் தாண்டினால்

டிரைவிங் லைசென்ஸ் போல ஒரு மாநிலப் பெர்மிட் எல்லா இடத்திலும் செல்லாது. 2013-இல் பென்சில்வேனியா பெர்மிட் வைத்திருந்த ஒரு பெண் பக்கத்து நியூஜெர்சிக்குள் கார் ஓட்டிப் போனார். போலீஸ் நிறுத்தியபோது, தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானே சொன்னார். வழக்குப் பாய்ந்தது, சிறைத் தண்டனை வரை போகும் நிலை. 2015-இல் ஆளுநர் மன்னிப்பு வழங்கித்தான் முடிந்தது. மேகசின் வரம்பும் இப்படியே. நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் 10 தோட்டாதான். க்ளாக் 19-இன் வழக்கமான 15 தோட்டா மேகசின் அங்கே சட்டவிரோதம். அடிக்கடி எல்லை தாண்டுபவர், வாங்கும்போதே இதைப் பார்க்க வேண்டும்.

போலீஸ் வண்டியை நிறுத்தினால் துப்பாக்கி இருப்பதைச் சொல்லியாக வேண்டுமா என்பதிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. 2016-இல் மினசோட்டாவில் பெர்மிட் வைத்திருந்த ஒரு கறுப்பின வாகன ஓட்டி, தன்னிடம் துப்பாக்கி இருப்பதைப் பணிவாகச் சொன்ன சில நொடிகளில் போலீஸ் அதிகாரியால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதிகாரி பின்னர் விடுதலை ஆனார். பெர்மிட் எல்லோருக்கும் ஒரே மாதிரி காப்பு அளிப்பதில்லை என்பதை அந்த நாடு அன்றைக்கு நேரில் பார்த்தது.

எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு

அமெரிக்காவில் வேலைக்கும் படிப்புக்கும் போயிருக்கும் தமிழர்களுக்கு நேரடியாகப் பொருந்தும் பகுதி இது. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். மாநிலத்தில் பெர்மிட் தேவையில்லை என்பது இங்கே உதவாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. விதிவிலக்கு இல்லாமல், நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதுகூடச் சிக்கலில் விடலாம். 2022-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்ச தண்டனை 15 ஆண்டுச் சிறை. கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இடுப்பில் இல்லாத நேரம்

ஒரு நாளில் பெரும்பகுதி நேரம் அந்தத் துப்பாக்கி உடம்பில் இருக்காது. தூங்கும்போது, குளிக்கும்போது, அனுமதி இல்லாத அலுவலகத்துக்குள் நுழையும்போது எங்காவது வைத்தாக வேண்டும். காரின் முன்பெட்டியில் வைத்துவிட்டுப் போவது பரவலான பழக்கம், திருடர்களுக்கும் அது தெரியும். காரின் சட்டகத்தோடு கம்பியால் பிணைத்த சின்ன இரும்புப் பெட்டி ஒன்றும், படுக்கையருகே எண் அழுத்தித் திறக்கும் பெட்டி ஒன்றும் துப்பாக்கி வாங்கும் அன்றைக்கே வாங்க வேண்டியவை.

2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் 48,830 பேர் இறந்தார்கள். அதில் 54 சதவீதம் தற்கொலை. திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி, வீட்டிலேயே மனம் உடைந்த ஒருவரின் கையில் போய்ச் சேருவதுதான் அங்கே அதிகம் நடப்பது. அந்த மோசமான சில நாட்களுக்கு மட்டும் துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே கொடுத்து வைக்கும் ஏற்பாடு சில மாநிலங்களில் இருக்கிறது. கொலராடோவில் இப்படித் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்ளும் துப்பாக்கிக் கடைகளையும் காவல் நிலையங்களையும் வரைபடமாகவே வெளியிட்டிருக்கிறார்கள். மனநெருக்கடியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால், 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் 988 என்ற மூன்று இலக்க எண் இரவும் பகலும் இயங்குகிறது.